மலை ஆத்துல ஃபிளை ஃபிஷிங் கைடா வேலை பாக்கணும்னா முதல்ல ராடை கீழ வைங்க

மீன் பிடிக்கறதுன்னா எனக்கு உசுரு, அதையே தொழிலா பண்ணா எப்படி இருக்கும்னு கேக்கறவங்க கிட்ட நான் மொதல்ல சொல்றது ஒண்ணு தான், இந்த வேலைக்கு வந்துட்டீங்கன்னா நீங்க மீன் பிடிக்கறது கிட்டத்தட்ட நின்னு போயிடும். விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சு, நாள் முழுக்க முழங்கால் தண்ணில நின்னு, சாயங்காலம் விரல் எல்லாம் ஊறிப்போய் திரும்புவீங்க, ஆனா ராடு, அதான் தூண்டில் கம்பு, பூரா நேரமும் அடுத்தவர் கையில தான் இருக்கும். அது உறுத்தலன்னா மேல படிங்க.

ஃபிளை ஃபிஷிங் தெரியாம இதை படிக்கறவங்களுக்கு ஒரு வரி. சாதாரண தூண்டில்ல ஈயக்குண்டோ லூரோ அதோட எடை தான் நூலை இழுத்துட்டு போகும், இங்க அப்படி கிடையாது, முள்ளுல இறகும் நூலும் வச்சு பூச்சி மாதிரி கட்டின ஃபிளைக்கு எடையே இருக்காது, அதனால தடிமனா இருக்கற லைனோட எடைய காத்துல முன்னும் பின்னும் ஆட்டி அதை வச்சு ஃபிளைய கொண்டு போய் சேக்கறது. கத்துக்க நேரம் எடுக்கும், காசு குடுத்து வர்ற கிளையண்ட் பாதி பேருக்கு அது வராது, உங்க வேலையே அங்க இருந்து தான் ஆரம்பிக்குது.

புதுசா வர்ற கைடு எல்லாரும் பண்ற தப்பு, நானும் பண்ணேன், ஆத்துல இருக்கற நல்ல நல்ல இடத்துக்கா கூட்டிட்டு போறது. அக்கரைல தொங்கற கெளைக்கு அடியில பெரிய மீன் நிக்குது, எனக்கு தெரியும், ஆனா அது பதினெட்டு மீட்டர் தள்ளி, நடுவுல மூணு வேகத்துல தண்ணி ஓடுது. என் கூட வந்தவரால எட்டு மீட்டர் தாண்டி நேரா வீச முடியாது. ரெண்டு மணி நேரம் அங்கயே நின்னோம், அவரு வீசி வீசி தோள் வலிச்சு, கடைசில தனக்கு இதெல்லாம் வராதுன்னு முடிவு பண்ணிட்டாரு. அந்த மீனுக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லைங்கறது எனக்கு ரொம்ப லேட்டா தான் ஒறைச்சது. ஆறு எத்தனை கிலோமீட்டர் நீளமா வேணா இருக்கட்டும், கிளையண்டோட ஆறு அவரு வீசற எட்டு மீட்டர் தான். அந்த எட்டு மீட்டருக்குள்ள மீன் நிக்கற இடமா தேடி, அவரு கால் வழுக்காம நிக்க ஒரு கல்லும் பாத்து, பின்னாடி மரம் இல்லாம பாத்து நிறுத்தணும். இந்த வேலைல நான் கத்துக்கிட்டதுல பாதி இதுக்குள்ள அடங்கிடும்.

அதுக்கு ஆறு தெரியணும். சும்மா தெரியறது இல்ல, ராடு இல்லாம போய் பாத்து தெரிஞ்சிக்கணும். தண்ணி கொறைவா ஓடற காலத்துல கையில ஒரு கம்பும் நோட்டும் எடுத்துக்கிட்டு மேல இருந்து கீழ நடங்க. தண்ணி ஏறும்போது கண்ணுக்கு தெரியாத பாறை எல்லாம் அப்ப வெளிய நிக்கும். எந்த மடு எவ்ளோ ஆழம், எங்க குழி, எங்க கால் சிக்கற மாதிரி பாறை இடுக்கு, எங்க இருந்து சட்டுனு கரையேறலாம், மழை வந்தா எந்த பாதை மூழ்கும், எல்லாத்தையும் குறிச்சு வைங்க. இதே நடையை தண்ணி நிறைய ஓடும்போது ஒரு தடவை கரை மேலயே நடந்து பாருங்க, அப்ப தான் ரெண்டு ஆறும் சேந்து ஒரு ஆறா மனசுல நிக்கும்.

மீன் எங்க நிக்கும்னு பாக்கறதுக்கு ஒரே கேள்வி தான். எங்க நின்னா கஷ்டப்படாம சாப்பாடு வாய்க்கு நேரா வரும்? நாம தேடற ட்ரவுட் மீன் வேகமான ஓட்டத்துக்குள்ள நிக்காது, அதுக்கு ஒட்டி நிக்கும். வேகமா ஓடற தண்ணியும் மெதுவா ஓடற தண்ணியும் உரசற இடத்துல ஒரு கோடு மாதிரி தெரியும், நுரையும் இலையும் அதுல வரிசையா போகும், நுரை போற பாதைல தான் பூச்சியும் போகும், அதனால அந்த கோட்டை காட்டி அது மேல போடுங்கன்னு சொன்னா புதுசா வந்தவருக்கும் புரியும். பாறைக்கு பின்னாடி மீன் நிக்கும்னு எல்லாரும் சொல்லுவாங்க, பாறைக்கு முன்னாடியும் நிக்கும், தண்ணி மோதி ஒதுங்கற எடத்துல ஒரு மெத்தை மாதிரி ஓட்டம் தணிஞ்சிருக்கும், நெறைய பேரு அதை தாண்டி போய் பின்னாடி மட்டும் வீசுவாங்க. அடியில குடைஞ்ச கரை, மடுவுல தண்ணி மேல ஏறி வெளிய போற வால் பகுதி, இதெல்லாமும் பாருங்க. வால் பகுதில காலைலயும் அந்தி சாயும்போதும் மீன் ஏறி வந்து நிக்கும், ஆனா அங்க தண்ணி ஆழம் கம்மி, ஒரு தப்பான அடி வச்சா மொத்தமும் ஓடிடும்.

மீன் ஓட்டத்தை எதிர்த்து தலை வச்சு தான் நிக்கும், அதனால பின்னாடி இருந்து, அதாவது கீழ்ப்பக்கம் இருந்து மேல ஏறி வர்றது நல்லது. கீழ இருந்து பாக்கற மீனுக்கு வெளி உலகம் தலைக்கு மேல ஒரு வட்ட ஜன்னல் வழியா தான் தெரியும், ஒளி வளையறதால அந்த ஜன்னல் ஏறக்குறைய 97 டிகிரி கோணம், அதுக்கு வெளிய தண்ணியோட மேல்பரப்பு கண்ணாடி மாதிரி அடியைத் தான் காட்டும். ஜன்னலோட ஓரத்துல தாழ்வா இருக்கறது நசுங்கி மங்கலா தெரியும். நிமிந்து நின்னா ஆளே தெரிவீங்க, குனிஞ்சு வந்தா தப்பிக்கலாம். கிளையண்ட் கிட்ட ஜன்னல் கணக்கு எல்லாம் சொல்லாதீங்க, நீங்க குனிஞ்சு நடங்க, அவரும் தானா குனிவாரு.

ஆத்துக்குள்ள எறங்கினதும் நான் பண்ற முதல் வேலை ஒரு கல்லை பெரட்டறது. முழங்கால் தண்ணில கைப்பிடி அளவு கல்லா எடுத்து திருப்பி பிடிச்சா அடிப்பக்கத்துல ஊர்ற பூச்சிங்க தெரியும். தட்டையா, வயித்து பக்கவாட்டுல செவுள் படபடன்னு ஆடிக்கிட்டு, பெரும்பாலும் மூணு வால் இருந்தா மேஃபிளை. கொஞ்சம் பெருசா கனமா ரெண்டு வாலோட இருந்தா ஸ்டோன்ஃபிளை. குட்டி குட்டி மணலும் குச்சியும் ஒட்டி குழாய் மாதிரி வீடு கட்டி ஒட்டிக்கிட்டு இருந்தா கேடிஸ். இதை கிளையண்ட் கையில குடுங்க, அந்த பூச்சி அவரு உள்ளங்கைல ஊரும்போது அவரு முகத்தை பாருங்க, அதுக்கு அப்புறம் ஃபிளை பெட்டிய தொறந்து இதுல எது இது மாதிரி இருக்குன்னு அவரையே எடுக்க சொல்லுங்க. நிறம் கொஞ்சம் மாறினாலும் பரவால்ல, சைஸ் தப்பா போகக்கூடாது. ஸ்டோன்ஃபிளை தண்ணிக்கு நடுவுல ரெக்கை முளைச்சு பறக்காது, கரையோர பாறைக்கு ஊர்ந்து வந்து தான் சட்டை கழட்டும், ஓரத்து பாறைல காஞ்ச தோலு ஒட்டிக்கிட்டு இருந்தா அன்னிக்கு நடு ஆத்துல நிக்காம ஓரமா வீசலாம். மேஃபிளை ஒரு விசித்திரம், ரெக்கை வந்த பிறகும் இன்னொரு தடவை தோலு உரிக்கற பூச்சி அது ஒண்ணு தான். மேல பூச்சி ஒண்ணும் பறக்கலயா, கவலைப்படாதீங்க, ட்ரவுட் தின்னுறது பெரும்பாலும் தண்ணிக்கு அடியில தான், நிம்ஃப், அதாவது தண்ணிக்கு அடியில இருக்கற ரெக்கை முளைக்காத பூச்சி மாதிரி செஞ்ச ஃபிளை, அதை கட்டி தக்கை மாதிரி இண்டிகேட்டர் போட்டு எறக்குங்க. தண்ணியோட ஆழத்துல ஒன்றரை மடங்கு தூரத்துல இண்டிகேட்டர், இது தொடக்க கணக்கு. அடியில அப்பப்ப தட்டணும், தட்டலன்னா ஆழம் பத்தல.

பாக்கெட்ல ஒரு தெர்மாமீட்டர் கண்டிப்பா வேணும். ட்ரவுட் குளுந்த தண்ணி மீனு. தண்ணி சூடாக ஆக அதுல கரையற ஆக்சிஜன் கொறையும், கடல் மட்டத்துல 10 டிகிரி செல்சியஸ்ல லிட்டருக்கு 11 மில்லிகிராம் சொச்சம் இருக்கும்னா 20 டிகிரில 9 தான், மலை மேல ஏற ஏற அதுவும் கொறையும், அதே நேரம் சூட்டுல மீனுக்கு மூச்சு ஜாஸ்தி தேவைப்படும். 20 டிகிரி தொட்டா நான் நிறுத்திடுவேன். மீன் நீந்திட்டு போற மாதிரி தான் தெரியும், ஆனா போராடி களைச்ச மீனு அந்த சூட்டுல கொஞ்ச நேரத்துல எங்கயாவது பாறைக்கு அடியில செத்து கிடக்கும். கிளையண்ட் முழு நாளுக்கு காசு குடுத்துருக்காரு, மதியமே நிறுத்தினா மூஞ்சி சுருங்கும், அதனால வெயில் காலத்துல முந்தின நாளே போன்ல சொல்லி விடியகாலைல ஆரம்பிச்சுடுங்க. முன்னாடியே சொன்னா திட்டம், அந்த நேரத்துல போய் சொன்னா சாக்கு.

அந்த முந்தின நாள் போன் ரொம்ப முக்கியம். இதுக்கு முன்னாடி ஃபிளை ஃபிஷிங் பண்ணிருக்கீங்களான்னு கேக்காதீங்க, எல்லாரும் ஆமான்னு தான் சொல்லுவாங்க. கடைசியா எப்ப பண்ணீங்கன்னு கேளுங்க, அப்ப உண்மை வரும். இடது கையா வலது கையா, நீச்சல் தெரியுமா, முட்டி எப்படி, பூச்சி கடிச்சா வீங்குமா, மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா, பக்கத்துல பாக்க கண்ணாடி வேணுமா, இத்தனையும் கேளுங்க. வெக்கப்பட்டு மறைப்பாங்க, அதனால நானே எனக்கு முட்டி வலி இருக்கு சார் உங்களுக்கு எப்படின்னு ஆரம்பிப்பேன், உடனே கொட்டுவாங்க. தொப்பியும் போலராய்டு கண்ணாடியும் இல்லாம யாரையும் தண்ணில எறக்காதீங்க, அந்த கண்ணாடி மீனை பாக்க உதவும்ங்கறது ரெண்டாவது, காத்துல பறக்கற முள்ளு கண்ணுல குத்தாம இருக்கறது தான் முதல்.

வீச சொல்லிக் குடுக்கறது தண்ணில வேண்டாம், புல்தரைல. முள்ளுக்கு பதில் ஒரு துண்டு கம்பளி நூல் கட்டி இருபது நிமிஷம். ராடு 9 அடி, 5 வெயிட் (அது எந்த எடை லைனுக்குன்னு சொல்ற நம்பர்), பெரும்பாலான மலை ஆத்துக்கு இது போதும், ரொம்ப சின்ன ஓடையா இருந்தா 3 இல்ல 4 எடுத்துக்கலாம். எல்லாரும் பண்ற தப்பு, ராடை பெருக்கற மாதிரி ஆட்டுவாங்க, லைன் பெரிய வளையமா போய் பொத்துன்னு விழும். நான் சொல்ற உதாரணம் மை பேனா. பள்ளிக்கூடத்துல எழுதலன்னா உதறுவோம்ல, மை எப்ப தெறிக்கும், கையை வீசும்போது இல்ல, வீசின கை சடக்குனு நிக்கும்போது. ராடும் அதே தான், நிறுத்தற இடத்துல தான் லைன் பறக்கும். பின்னாடி ஒரு நிறுத்தம், லைன் பின்னால நீளற வரைக்கும் ஒரு சின்ன காத்திருப்பு, முன்னாடி ஒரு நிறுத்தம். பின்னாடி போற லைனை திரும்பி பாக்க சொல்லுங்க, பாத்தா தான் காத்திருக்க வரும். மணிக்கட்டு ஒடியுதுன்னா ராடோட அடிப்பகுதிய சட்டைக் கைக்குள்ள சொருகி விட்டுடுங்க, வாயால சொல்லி வராதது அதுல வந்துடும்.

ஒரு நேரத்துல ஒரு திருத்தம் தான். அஞ்சு தப்பு தெரியும், நாலை முழுங்கிடுங்க. மலை ஆத்துல பின்னாடி மரம் இருக்கும், அதனால ஓவர்ஹெட் காஸ்ட் அழகா வரணும்னு அடம் புடிக்காம ரோல் காஸ்ட்டை சீக்கிரமா சொல்லிக் குடுத்துடுங்க, லைனை தண்ணி மேலயே இழுத்து, ராடை தோளுக்கு பின்னாடி சாச்சு, ஒரு நொடி நிறுத்தி, முன்னாடி தள்ளறது, பின்பக்கம் இடமே வேணாம். அதோட மெண்ட் பண்றது, அதாவது லைன் தண்ணில விழுந்ததும் அதை மேல்பக்கமா ஒரு தடவை புரட்டி போடறது. நடு ஓட்டம் லைனை முன்னாடி இழுத்துட்டு போனா ஃபிளையும் இயல்பா மெதக்காம இழுபட்டு ஓடும், பெரும்பாலும் பூச்சி தண்ணிய கிழிச்சுக்கிட்டு போகாதுன்னு மீனுக்கு நல்லா தெரியும்.

நீங்க எங்க நிக்கறீங்க? கிளையண்ட் வலது கைக்காரர்னா அவருக்கு இடது பக்கம், ஒரு கை நீளத்துல, ஒரு அடி கீழ்ப்பக்கமா. கீழ்ப்பக்கம் ஏன்னா அவரு வழுக்கினா உங்க மேல தான் வருவாரு, மீன் மாட்டினா வலையும் அந்த பக்கம் தான் வேணும். காத்து எந்த பக்கம் அடிக்குதுன்னு பாத்துக்கிட்டே இருங்க. வீசற தோள் பக்கம் இருந்து காத்து அடிச்சா முள்ளு தலைக்கு குறுக்க வரும். ஒரு தடவை இடம் மாத்தும்போது காத்து திரும்பினதை நான் கவனிக்கல, பேசிக்கிட்டே நின்னேன், அவரு வீசின நிம்ஃப் என் காது மடல்ல நச்சுனு ஏறிடுச்சு. முள்ளு நுனியில பின்பக்கமா நீட்டிக்கிட்டு இருக்கற கொக்கிய முன்னாடியே நசுக்கி வச்சிருந்ததால அப்படியே பின்னாடி தள்ளி உருவிட்டேன், இல்லன்னா அன்னிக்கு பொழப்பு போச்சு. அதனால எல்லா ஃபிளையும் பெட்டிக்குள்ள போறதுக்கு முன்னாடியே பிளையர்ல ஒரு அமுக்கு, அது மீனுக்கும் நல்லது உங்க காதுக்கும் நல்லது.

கொக்கி நசுக்காத முள்ளு ஏறிடுச்சுன்னா, கை காலு முதுகு மாதிரி சதை இருக்கற இடம்னா, தடிமனான நூல் ஒண்ணை முள்ளோட வளைவுல மாட்டி, முள்ளுல நூல் கோக்கற ஓட்டை பக்கத்தை தோலோட சேத்து நல்லா அமுக்கி பிடிச்சு, நூலை ஏறின வழிக்கு எதிர்ப்பக்கமா தோலுக்கு ஒட்டியே சட்டுனு ஒரு வெட்டு இழுங்க. மூணு எண்ணுறேன்னு சொல்லி ரெண்டுலயே இழுத்துடுங்க. கண்ணு, கண்ணுக்கு பக்கம், கழுத்து, மூட்டு இதுல ஏறினா தொடாதீங்க, அசையாம மூடி வச்சு ஆஸ்பத்திரி தான். டெட்டனஸ் ஊசி எப்ப போட்டதுன்னு ரெண்டு கேஸ்லயும் கேளுங்க.

இப்ப மீன் கடிக்கற நிமிஷம். இண்டிகேட்டர் ஒரு தடவை முங்கும், கிளையண்ட் அதை பாத்து அழகா இருக்கேன்னு நிப்பாரு, மீன் துப்பிட்டு போயிடும். ஒரு நொடி தான் டைம். அதுல "சார் கொஞ்சம் ராடை மேல தூக்குங்க"ன்னு மரியாதையா சொல்லி முடிக்கறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருக்கும். அதனால காலைலயே பேசி வச்சுக்கறது, "மேடம், அந்த நேரத்துல வாயில மேடம் எல்லாம் வராது, 'தூக்கு'ன்னு மட்டும் கத்துவேன், தப்பா எடுத்துக்காதீங்க." சிரிப்பாங்க. என்னை விட இருபது வயசு பெரியவர் ஒருத்தரை தூக்கு தூக்குன்னு கத்திட்டு, மீனை வலைல எடுத்த உடனே "சாரிங்க அய்யா"ன்னு சொல்லிருக்கேன், அவரு இன்னொரு மீனுக்கு தான் அவசரப்பட்டாரு, மரியாதைக்கு இல்ல. ஒரே வார்த்தை, ஒரே அர்த்தம், நாள் முழுக்க அதை மாத்தாதீங்க. மீன் ஓடினா "விடு", நின்னா "சுத்து". மூணே வார்த்தைல ஒரு மீனை கரைக்கு கொண்டு வந்துடலாம்.

வலை வைக்கற வேலை உங்களோடது, அதுல விட்ட மீன் உங்க கணக்கு தான், கிளையண்ட் வாய் விட்டு சொல்ல மாட்டாரு ஆனா மறக்க மாட்டாரு. வலைய தண்ணிக்குள்ள முதல்லயே வச்சு காத்திருங்க, மீனை துரத்தி குத்தாதீங்க, மீனோட தலை தண்ணிக்கு மேல வந்ததும் அவரு ராடை பின்னாடி சாய்க்க, மீன் தலை முதல்ல வலைக்குள்ள வழுக்கிட்டு வரும், அப்ப தூக்கினா போதும். வால் பக்கம் வலை பட்டா இன்னொரு ஓட்டம் ஓடும், டிப்பெட், அதாவது ஃபிளை கட்டற கடைசி மெல்லிசு நூல், அறுந்துடும்.

திரும்ப விடற மீன்னா கைய நனைச்சுட்டு தான் தொடணும், ஒடம்பு மேல இருக்கற வழுவழுப்பு தான் அதுக்கு தோலு நோய் வராம காக்கறது. ரப்பர் வலை வாங்குங்க, முடிச்சு போட்ட நைலான் வலை அதை வழிச்சிடும். போட்டோ எடுக்கணும்னா போனை முதல்ல ரெடி பண்ணுங்க, மீன் தண்ணிக்குள்ளயே வலைல இருக்கட்டும், தூக்கு, ஒரு கிளிக், மறுபடி தண்ணி. பத்து நொடிக்குள்ள முடியணும். கிளையண்ட்ட மூச்ச புடிச்சுக்க சொல்லுங்க, அவருக்கு மூச்சு முட்டும்போது மீனுக்கும் முட்டும்னு தானா புரியும். செவுளுக்குள்ள விரல் விடக்கூடாது, வயித்த அமுக்கக்கூடாது. ரொம்ப உள்ள முழுங்கிட்டா நோண்டாம டிப்பெட்டை ஒட்ட வெட்டி விட்டுடுங்க. விடும்போது மீனை முன்னும் பின்னும் ஆட்டறாங்க, வேணாம், பின்னாடி இழுத்தா செவுள்ல தண்ணி தப்பான பக்கம் போகும், ஓட்டத்துக்கு எதிரா தலைய வச்சு தாங்கிப் புடிச்சா போதும், தெம்பு வந்ததும் அதுவே வாலை அடிச்சுட்டு போயிடும்.

முடிச்சு பத்தி. ஃபிளை கட்ட இம்ப்ரூவ்டு கிளிஞ்ச், டிப்பெட் சேக்க சர்ஜன்ஸ் நாட், இந்த ரெண்டை குளிர்ல வெரச்ச கையால இருட்டுல கட்டி பழகுங்க. எச்சி தொட்டு ஈரமாக்கி இறுக்குங்க, காஞ்ச நூல் உரசற சூட்டுல வலு போயிடும். டிப்பெட் நம்பர் கொழப்பும், 11ல இருந்து எக்ஸ் நம்பரை கழிச்சா வர்றது ஒரு அங்குலத்துல ஆயிரத்துல எத்தனை பங்கு தடிமன்னு, 5எக்ஸ்னா 6 பங்கு, 0.15 மில்லிமீட்டர் சுமார். ஃபிளை சைஸை மூணால வகுத்தா எந்த எக்ஸ்னு தோராயமா வரும், 14 சைஸ்னா 5எக்ஸ். இதை விட பெரிய ரகசியம் ஒண்ணு, இன்னொரு ராடு முழுசா கட்டி ரெடியா கரைல சாச்சு வைங்க. லைன் சிக்காச்சுன்னா அதை அவுக்க உக்காந்துடாதீங்க, அந்த ராடை குடுத்து வீச சொல்லிட்டு நீங்க சிக்கை எடுங்க. ரெண்டு நிமிஷத்துல அவுரலன்னா வெட்டி புதுசா கட்டுங்க, டிப்பெட் மலிவு, அவரோட நேரம் மலிவு கிடையாது.

தண்ணில நடக்கறது தான் நான் அதிகமா பயப்படற விஷயம். ஓட்டத்தோட வேகம் ரெண்டு மடங்கானா காலைத் தள்ளற விசை நாலு மடங்கு ஆகும், அதனால நேத்து முழங்கால் வரைக்கும் நின்ன அதே இடத்துல இன்னிக்கு தண்ணி கொஞ்சம் வேகமா இருந்தா நிக்க முடியாது, ஆழத்தை பாத்து ஏமாந்துடக்கூடாது. ஒரு காலை ஊனி உறுதியான பிறகு தான் அடுத்த கால், பக்கவாட்டுல தேய்ச்சு தேய்ச்சு, ஒரு காலை இன்னொரு காலுக்கு குறுக்க போடாம. கம்பு மேல்பக்கம். கடக்கும்போது நேர் குறுக்க போகாம கொஞ்சம் கீழ்நோக்கி சாய்வா போங்க. கிளையண்டுக்கு பயமா இருந்தா கைய கோத்துக்கிட்டு போங்க, நீங்க மேல்பக்கம் நின்னு ஓட்டத்தை உடைச்சா அவருக்கு வேகம் கொறைவா தான் வரும். தொடை நடுவுக்கு மேல தண்ணி ஏறுதுன்னா திரும்பிடுங்க, அங்கிட்டு எவ்ளோ பெரிய மீன் குதிச்சாலும் சரி.

வேடர்ஸ், அதாவது தண்ணி புகாத நீள கால்சட்டை, போட்டா இடுப்பு பெல்ட் இறுக்கமா இருக்கணும், விழுந்தா உள்ள தண்ணி ரொம்பறதை அது தான் மெதுவாக்கும். விழுந்துட்டா என்ன பண்ணணும்னு கரைல இருக்கும்போதே சொல்லிடுங்க, மல்லாந்து, கால் ரெண்டையும் தண்ணி போற பக்கமா நீட்டி மேல தூக்கி, கையால துழாவி கரைக்கு ஒதுங்கணும், ராடை விட்டுடணும். வேகமான தண்ணில எழுந்து நிக்க மட்டும் பாக்கக்கூடாது, கால் பாறை இடுக்குல மாட்டினா தண்ணி ஆளை முன்னாடி மடக்கி அமுக்கிடும், முழங்கால் தண்ணில கூட ஆள் போயிடுவாங்க.

உங்க தலைக்கு மேல வெயில் அடிக்கும், மேல மலைல மழை கொட்டிக்கிட்டு இருக்கும். தெளிஞ்ச தண்ணி லேசா கலங்குது, இலையும் சுள்ளியும் புதுசா மெதந்து வருது, சத்தம் கொஞ்சம் கனமாகுது, கரைல ஈரமா இருந்த கல்லு மூழ்கிடுச்சு, இதுல ஒண்ணு பாத்தாலும் பேச்சே இல்ல, வெளிய. நான் ஆத்துல எறங்கின உடனே தண்ணி விளிம்புல ஒரு கல்லை அடையாளமா வச்சுக்குவேன், அரை மணிக்கு ஒரு தடவை பாக்கறது. மேல அணை இருந்தா எப்ப தண்ணி தெறப்பாங்கன்னு கேட்டு தெரிஞ்சிக்கறது உங்க கடமை. இடி கேட்டா ராடை கீழ போட்டுட்டு நகருங்க, அது கார்பன், மின்சாரம் நல்லா பாயும், ஒம்பது அடி கம்பிய கையில ஏந்திக்கிட்டு தண்ணில நிக்கற மாதிரி தான். கடைசி இடிக்கு அப்புறம் அரை மணி நேரம் காத்திருங்க.

லைசென்ஸ், அந்த ஆத்துல தொழில் பண்ண அனுமதி, முதலுதவி சான்றிதழ், இன்சூரன்ஸ், இதெல்லாம் நாட்டுக்கு நாடு ஆத்துக்கு ஆறு மாறும், முதல் கிளையண்ட் வர்றதுக்கு முன்னாடியே முடிச்சுக்குங்க. தண்ணி கலங்கி ஓடுதுன்னா முந்தின நாளே போன் பண்ணி உண்மைய சொல்லி தேதி மாத்துங்க, அந்த ஒரு நாள் காசு போனாலும் அவரு இன்னும் நாலு பேரை அனுப்புவாரு. கொசு மருந்துல டீட்ங்கற ரசாயனம் இருந்தா ஃபிளை லைன் மேல படக்கூடாது, பிளாஸ்டிக் இளகிடும், உள்ளங்கைல தடவாம புறங்கைல தடவிக்க சொல்லுங்க.

இன்னும் ஒண்ணு, இது சோதனை. மத்தியானம் ஒரு நேரம் கிளையண்ட் ராடை நீட்டி, நீங்க ஒரு தடவை வீசிக் காட்டுங்களேன்பாரு. மறுக்க முடியாது, கையும் அரிக்கும். ஒரு மணி நேரமா ஒரே மீனுக்கு வீசிக்கிட்டு இருந்த ஒருத்தர் அப்படி நீட்டினாரு, நானும் சும்மா காட்டறதுக்கு வீசினேன், போன முதல் தடவையே அந்த மீனு கடிச்சிடுச்சு. அவரு கை தட்டினாரு, சூப்பர்னாரு, ஆனா அதுக்கு அப்புறம் சாயங்காலம் வரைக்கும் அவரு சரியா பேசல. அதுல இருந்து காட்டணும்னா மீனே இல்லாத பக்கம் பாத்து தான் வீசுவேன், இல்லன்னா ஃபிளைய வெட்டிட்டு வெறும் லைனை வீசுவேன்.

கிளையண்ட் கெளம்பின பிறகும் ஒரு மணி நேர வேலை இருக்கு. ஷூ, வேடர்ஸ், வலை எல்லாத்துலயும் ஒட்டியிருக்கற சேறு பாசி எடுத்து, கழுவி, நல்லா காய வைக்கணும், ஒரு ஆத்துல இருந்து இன்னொரு ஆத்துக்கு பாசியும் மீன் நோயும் இப்படி தான் போகுது. நியூசிலாந்துல டிடிமோங்கற பாசி 2004ல கண்டுபிடிச்சாங்க, ஈரத்தை பிடிச்சு வச்சுக்கற ஃபெல்ட் அடிப்பாகம் வச்ச ஷூவை 2008ல தடையே பண்ணிட்டாங்க. ரப்பர் அடிப்பாகத்துல ஆணி அடிச்சது வாங்கிக்குங்க. அப்புறம் கிழிஞ்ச லீடரை, அதாவது லைனுக்கும் டிப்பெட்டுக்கும் நடுவுல வர்ற நூலை, மாத்தி, நாளைக்கு ரெண்டு ராடும் கட்டி வச்சு, நோட்டுல நாலு வரி, தண்ணி எத்தனை டிகிரி, அடையாளக் கல்லு எவ்ளோ மூழ்கி இருந்துச்சு, எந்த பூச்சி, எந்த இடத்துல எந்த மாதிரி ஆளால வீச முடிஞ்சது. இதெல்லாம் முடிச்ச பிறகு வெளிச்சம் மிச்சம் இருந்தா நீங்க போய் பத்து தடவை வீசிக்கலாம். பெரும்பாலும் இருக்காது.